கேஸ் ஷீட் படிக்கும் செவிலியருக்குப் பதிவேட்டில் ஓர் இடம்: செவிலியர் குழுமத்துக்குத் திறந்த மடல்

தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தின் மதிப்பிற்குரிய தலைவர், பதிவாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தங்கள் பதிவேட்டில் என் பெயர் ஏறி 36 ஆண்டுகள் ஆகின்றன. அதில் பெரும்பகுதியை ராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோர ஆஸ்பத்திரிகளில், இரவு டியூட்டியும் பகல் டியூட்டியுமாகக் கழித்து ஓய்வுபெற்றேன். ஓய்வுக்குப் பிறகு, நானாகத் தேடிப் போகாத ஒரு வேலை என் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தது. நுகர்வோர் ஆணையத்திலும் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலும் வழக்கு நடத்துகிற வக்கீல்கள், ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு நடந்த சிகிச்சையை எழுதி வைக்கும் கேஸ் ஷீட்டுகளைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து, "சிஸ்டர், இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கொஞ்சம் சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். நான் படித்தேன், நாள், மணி வாரியாக அடுக்கினேன், எது இருக்கிறது, எது இருக்க வேண்டியும் இல்லை என்று தமிழில் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். இந்த வேலைக்கு அமெரிக்காவில் ஒரு பெயரும், அதற்கென ஒரு சங்கமும், ஒரு தேர்வும் உண்டு என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. சட்டச் செவிலிய ஆலோசகர் என்று தமிழில் சொல்லலாம். எங்கள் ஊர் வக்கீல் குமாஸ்தாக்கள் வைத்திருக்கும் பெயர் "கேஸ் ஷீட் படிக்கிற சிஸ்டர்". எந்தப் பெயரானாலும் எனக்குச் சம்மதம். ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு தகுதியும் ஒரு பொறுப்பும் எழுத்தில் இருக்க வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

வேலை என்னவென்று ஓர் உதாரணத்தால் சொல்லிவிடுகிறேன். விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச் கம்பியில் சிக்கிக் கால் எலும்பு முறிந்த ஒரு மீனவருக்கு மாவுக்கட்டுப் போட்டு வார்டில் படுக்க வைத்திருந்தார்கள். மறுநாள் காலை அவரை வேறு ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் செய்தார்கள். அங்கே கால் போயிற்று. வழக்குக்கு வந்த காகிதங்கள் ஏறத்தாழ 90 பக்கம். டிஸ்சார்ஜ் சம்மரியில் எல்லாம் முறையாக இருந்தது. ஆனால் நர்ஸ் குறிப்பில் இரவு முழுக்க "நோயாளி வலி என்கிறார், ஊசி போடப்பட்டது" என்று மூன்று முறை எழுதியிருந்தது. விரல்களை அசைக்கச் சொன்னார்களா, விரல் மரத்திருக்கிறதா, விரலின் நிறம் என்ன, டியூட்டி டாக்டருக்குச் சொல்லப்பட்டதா என்று ஒரு வரியும் இல்லை. கட்டுப் போட்ட காலில், ஊசி போட்டும் வலி அடங்காமல் ஏறிக்கொண்டே போனால், தசைக்குள் அழுத்தம் கூடி ரத்த ஓட்டம் நிற்கப் போகிறதோ என்று பதறுவது நர்சிங்கின் அரிச்சுவடி. அதைவிட ஒன்று: இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரையிலான நாடித்துடிப்பு, ரத்த அழுத்தப் பதிவுகள் எல்லாம் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் எழுதப்பட்டவை போல இருந்தன. வார்டில் ஆறு மாதம் வேலை பார்த்த எவரும் அந்தப் பக்கத்தைப் பார்த்தவுடன் கண் சுருக்குவார்கள். வக்கீலுக்கு அது வெறும் எண்களாகத்தான் தெரிந்தது. டாக்டர் பார்த்திருந்தால் நேராக எக்ஸ்ரேக்கும் ஆபரேஷன் குறிப்புக்கும் போயிருப்பார். இரவு இரண்டு மணியின் ஊசிக் கணக்கில் நின்றிருப்பாரா என்பது சந்தேகமே.

அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் ஆஸ்பத்திரிகளுக்கு எதிராக ஆள் திரட்டுகிறேன் என்று தோன்றிவிடும். தொண்டிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, தங்கள் தாயாரை ஆஸ்பத்திரியில் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று உறுதியாக நம்பி வந்தது. தாளைத் தாளாகப் படித்தேன். மணிக்கு மணி சர்க்கரை பார்த்திருக்கிறார்கள், சிறுநீர் அளவு குறித்திருக்கிறார்கள், டாக்டரை அழைத்த நேரமும் அவர் வந்த நேரமும் இருக்கின்றன. மகள்கள் இருவரையும் உட்கார வைத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காட்டினேன். அழுதார்கள். வழக்குப் போடவில்லை. யாரும் கவனிக்கவில்லை என்ற எண்ணம் அவர்களை விட்டு அகன்றதே எனக்குப் பெரிதாகப் பட்டது. நான் படித்த கட்டுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் முடிந்திருக்கின்றன.

இந்தக் கரையில் இந்த வேலைக்கு ஏன் தேவை அதிகம் என்பதைத் தாங்கள் சென்னையிலிருந்து பார்ப்பதைவிட நாங்கள் கிட்டத்தில் பார்க்கிறோம். ராமேஸ்வரம் தீவில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் பாம்பன் பாலத்தைத் தாண்டி, மண்டபம், உச்சிப்புளி கடந்து ராமநாதபுரம் வர வேண்டும். அங்கே முடியாதென்றால் மதுரை. 2022 தொடக்கத்தில் ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு நிலைமை மேம்பட்டிருக்கிறது என்பதை நன்றியோடு சொல்கிறேன். ஆனாலும் ஒரே நோயாளிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு சீட்டு, 108 வண்டியில் ஒரு படிவம், மாவட்ட ஆஸ்பத்திரியில் ஒரு கேஸ் ஷீட், மதுரையில் இன்னொன்று என நான்கு இடத்துக் காகிதங்கள் சேர்கின்றன. பிரசவ வலியோடு வந்த பெண்ணை எத்தனை மணிக்கு ரெஃபர் செய்தார்கள், வண்டி எத்தனை மணிக்குப் புறப்பட்டது, அடுத்த இடத்தில் எத்தனை மணிக்கு இறக்கினார்கள் என்ற மூன்று நேரங்களையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே பாதி உண்மை வெளியே வந்துவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலை விபத்துகள், பனையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்தவர்கள், சங்கு குளிக்கப் போய் மேலே வந்தபின் கால் விளங்காமல் போனவர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டு. பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் விபத்துக் காப்பீட்டில் மீனவர் இறந்தாலோ முழு நிரந்தர ஊனமுற்றாலோ 5 லட்சம் ரூபாய், பகுதி நிரந்தர ஊனத்துக்கு 2.5 லட்சம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு 25,000 என்று இருக்கிறது. ஊனம் முழுமையா பகுதியா என்பது காகிதத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதில் ஒரு குடும்பத்தின் இரண்டரை லட்சம் தொங்குகிறது. விபத்தில் வந்தவரைப் பற்றி ஆஸ்பத்திரியில் முதலில் எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகலில் (ஏ.ஆர். காப்பி) "கீழே விழுந்து" என்று ஒரு வரி தவறாக எழுதப்பட்டதால் விபத்து வழக்கே ஆட்டம் கண்டதையும் பார்த்திருக்கிறேன்.

சட்டம் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. நோயாளியோ அவர் தரப்பினரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்கின்றன. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுத்தாக வேண்டும். ஆக, காகிதம் மூன்று நாளில் கைக்கு வரலாம். ஆனால் அதைப் படித்துச் சொல்ல ஆள் தேடியே அந்த இரண்டு ஆண்டும் ஓடிவிடும். உள்ளூர் டாக்டர் ஒருவரிடம் இன்னொரு டாக்டரைப் பற்றிக் கருத்துக் கேட்பது எவ்வளவு சங்கடம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. நாளை அதே டாக்டரிடம்தான் இவர் நோயாளியை அனுப்ப வேண்டும். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

இனி என்னைப் பற்றிய இரண்டு சங்கதிகள். இரண்டுமே எனக்குப் பெருமை தருபவை அல்ல.

ஒரு விசாரணையில் என் குறிப்பை வக்கீல் தாக்கல் செய்தபோது எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "இந்த அம்மையார் எந்தச் சான்றின் பேரில் இதை எழுதினார்?" என்று கேட்டார். பதிவுபெற்ற செவிலியர் என்றேன். "மாநிலத்தில் பதிவுபெற்ற எல்லாச் செவிலியரும் வல்லுநர்தானா?" என்றார். அவையில் சிலர் சிரித்தார்கள். அன்று வீட்டுக்கு வந்து வெகுநேரம் கோபமாக இருந்தேன். கோபம் ஆறிய பிறகு அவர் கேட்டதில் தவறில்லை என்று தெரிந்தது. ஊசி போடவும், மயக்கம் தெளியும்வரை பக்கத்தில் நிற்கவும் எனக்கு உரிமம் இருக்கிறது. ஆவணங்களை ஆராய்ந்து நீதிமன்றத்துக்குக் கருத்துச் சொல்லும் தகுதியை எனக்கு யாரும் தேர்வு வைத்துத் தந்ததில்லை.

இரண்டாவது சங்கதி என் பிழை. ஒரு கோப்பில், ஆபரேஷனைத் தாமதித்ததால்தான் நோயாளி இறந்தார் என்று எழுதிவிட்டேன். தாமதம் இருந்தது என்பது மட்டுமே எனக்குத் தெரிந்த உண்மை. அதனால்தான் மரணம் நேர்ந்தது என்பது என் படிப்புக்கு அப்பாற்பட்ட முடிவு. வக்கீல் அதை அப்படியே நோட்டீசில் எழுதி அனுப்பினார். பிறகு ஒரு மூத்த அறுவை மருத்துவர் விளக்கிய போது வெட்கத்தோடு திரும்பப் பெற வேண்டியதாயிற்று. எல்லை எது என்று வகுத்து வைத்த ஒரு விதிமுறை இருந்திருந்தால், அதை மீறினால் கேள்வி கேட்கும் ஓர் அமைப்பு இருந்திருந்தால், நோட்டீஸ் பெற்ற டாக்டரின் குடும்பத்துக்கு அந்த மன உளைச்சல் வந்திருக்காது. அங்கீகாரம் கேட்கிறவள் தன் கழுத்துக்குக் கயிறும் சேர்த்தே கேட்கிறாள் என்பதை இந்த இடத்தில் தாங்கள் கவனிக்க வேண்டுகிறேன்.

ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், டாக்டர் மீது கவனக்குறைவுக் குற்ற வழக்கு எடுப்பதற்கு முன் தகுதியுள்ள இன்னொரு டாக்டரின் நடுநிலையான கருத்து வேண்டும் என்றது. சரியான தீர்ப்பு. ஆனால் குற்றச்சாட்டு நர்ஸின் பணியைப் பற்றியதாக இருக்கும்போது, நர்சிங்கின் தரத்தைச் சொல்ல வேண்டியவர் யார்? அமெரிக்காவின் இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றம் 2004-இல் சலிவன் வழக்கில் இதற்கு நேராகப் பதில் சொல்லியிருக்கிறது. படுக்கையிலிருந்து நோயாளி விழுந்த அந்த வழக்கில், நர்ஸ் தவறினார் என்று சாட்சி சொல்ல வந்தவர் ஒரு டாக்டர். அவருக்கு நர்சிங் உரிமம் இல்லை, எனவே நர்சிங் பணியின் தரத்தைப் பற்றிச் சொல்ல அவர் தகுதியற்றவர் என்று நீதிமன்றம் ஒதுக்கிவிட்டது. நம் நாட்டில் எங்கள் பணியை அளக்கும் கோலும் பெரும்பாலும் டாக்டரின் கையிலேயே இருக்கிறது. சில சமயம் அது நர்ஸைக் காப்பாற்றுகிறது, சில சமயம் எல்லாப் பழியையும் நர்ஸ் தலையில் இறக்கி வைக்கிறது. 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம், வல்லுநர் கருத்தைப் பற்றிய 39-ஆவது பிரிவில், அறிவியல், கலை ஆகியவற்றோடு "வேறு எந்தத் துறையும்" என்ற சொற்களைப் புதிதாகச் சேர்த்திருக்கிறது. அந்தச் சொற்களுக்குள் நர்சிங் தாராளமாக நுழையலாம். நுழைகிறவர் கையில் என்ன சீட்டு இருக்கிறது என்று நீதிபதி கேட்பார். அந்தச் சீட்டைத் தர வேண்டியவர்கள் தாங்கள்.

சீட்டு என்றதும் ஓர் எச்சரிக்கை. என் கைபேசிக்கு வாரம் தவறாமல் விளம்பரங்கள் வருகின்றன: சில வாரத்தில் இணையவழிப் பயிற்சி, முடித்தவுடன் சட்டச் செவிலிய ஆலோசகர் என்ற சான்றிதழ். பணம் கட்டி வகுப்பு கேட்டதற்கான சான்றிதழ் ஒன்று. அனுபவத்தைச் சரிபார்த்து, தேர்வு வைத்து, தகுதி இருக்கிறது என்று நடுநிலையான ஓர் அமைப்பு அளிக்கும் சான்று வேறொன்று. இரண்டையும் தமிழில் "சான்றிதழ்" என்றே சொல்வதால் குழப்பம் இரட்டிக்கிறது. அமெரிக்காவிலும் இந்தக் குழப்பம் உண்டு. ஒன்றுபோலத் தோன்றும் எழுத்துச் சுருக்கங்களைத் தனியார் நிறுவனங்கள் பலவும் வழங்குகின்றன. ஆனால் அங்கே 1989-இல் தொடங்கிய சட்டச் செவிலிய ஆலோசகர் சங்கத்தின் வழியே வந்த சான்றளிப்பு வாரியம் வகுப்பு நடத்திப் பட்டம் தருவதில்லை. நடப்பு நர்சிங் உரிமமும், இந்தத் துறையில் 2,000 மணி நேர வேலையும் இருந்தால்தான் தேர்வே எழுதலாம். தேறிய பிறகும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இந்த முறை நம் ஊர் நர்ஸ்களுக்கு அந்நியமும் அல்ல. கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் வளைகுடாவுக்குப் போன பிள்ளைகளைக் கேளுங்கள்: படிப்பையும் அனுபவத்தையும் மூல இடத்திலேயே சரிபார்த்து, அங்கே உரிமம் பெறுவதற்கான புரோமெட்ரிக் என்ற கணினித் தேர்வு எழுதி, அதன் பிறகுதான் அங்கே ஒரு நோயாளியைத் தொட்டிருப்பார்கள். துபாய்க்கு அந்தக் கண்டிப்பு சரி என்று ஏற்றுக்கொண்டவர்கள் ராமநாதபுரம் நீதிமன்றத்துக்கும் ஏற்றுக்கொள்வார்கள்.

புதிதாக ஒரு வகையைப் பதிவேட்டில் சேர்ப்பது சாத்தியமா என்று தாங்கள் கேட்டால், பதிலுக்கு நான் தூரம் போக வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தார்கள். யார் எப்போது வந்தார், யார் பார்த்தார், என்ன மருந்து கொடுத்தார்கள் என்று ஒழுங்கான ஏடுகளே இல்லாத இடங்களில் மனிதர்கள் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். அந்தக் காலத்தில் இந்த மாவட்டத்தில் பணியில் இருந்த செவிலியர் யாராலும் அதை மறக்க முடியாது. பல ஆண்டுகள் கழித்து வந்த 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மாநில மனநல ஆணையம் மனநலச் செவிலியர்களைத் தனியே பதிவுசெய்து, மனநல வல்லுநர்களாகப் பணியாற்ற அனுமதிக்க வேண்டும் என்று 55-ஆவது பிரிவில் எழுதியிருக்கிறது. செவிலியரின் சிறப்புத் தகுதி ஒன்றைச் சட்டமே பெயர் சொல்லிப் பதிவேட்டில் ஏற்றிய முன்மாதிரி அது. ஒரு முறை நடந்தது இன்னொரு முறை நடக்கலாம்.

அடிப்படையும் ஓரளவு போடப்பட்டுவிட்டது. 2021-இல் வந்த புதிய பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தில், தடயவியல் செவிலியமும் இந்தியச் சட்டங்களும் என்று ஒரு பாடம் ஐந்தாவது பருவத்தில் 20 மணி நேரத்துக்கு வைக்கப்பட்டிருக்கிறது. 20 மணி நேரத்தில் என்ன கற்க முடியும் என்பது வேறு விஷயம். மாணவிகளில் சிலர் எம்.எல்.சி. (போலீசுக்கும் சட்டத்துக்கும் தொடர்புள்ள மருத்துவ வழக்கு) என்றால் என்ன என்று தெரிந்துகொண்டு வருகிறார்கள், அதுவே முன்னேற்றம். 1947-ஆம் ஆண்டு செவிலியர் குழுமச் சட்டத்தின் இடத்தில் 2023-ஆம் ஆண்டு தேசிய செவிலியர் மற்றும் தாதியர் ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. மாநிலங்களும் தங்களுக்கான ஆணையத்தை அமைத்தாக வேண்டும். 1926-ஆம் ஆண்டு மதராஸ் சட்டத்தில் பிறந்த நம் குழுமம் புதிய உருவுக்கு மாறுகிற இந்த வேளையில், பதிவேட்டில் ஒரு பத்தியைக் கூட்டுவது எளிது. உருவம் இறுகிய பிறகு கேட்டால் திருத்தம், அரசாணை, கோப்பு என்று காலம் போய்விடும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். வார்டு வேலையில் பத்து ஆண்டுக்குக் குறையாத அனுபவம் உள்ள பதிவுபெற்ற செவிலியர்கள் எழுதத்தக்க ஒரு தேர்வைக் குழுமமே நடத்த வேண்டும். அல்லது டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடும் சட்டப் பல்கலைக்கழகத்தோடும் சேர்ந்து நடத்தலாம். கேள்வித்தாள் ஒரு முழுக் கேஸ் ஷீட்டாக இருக்கட்டும். கோடிட்ட இடத்தை நிரப்பும் தேர்வில் யாரும் தேறிவிடுவார்கள். பத்து ஆண்டு என்பது என் கணக்கு. எட்டு என்று தாங்கள் வைத்தால் சண்டைக்கு வரமாட்டேன், மூன்று என்று வைத்தால் வருவேன். தேறியவர் பெயருக்கு எதிரே பதிவேட்டில் அந்தத் தகுதி குறிக்கப்பட வேண்டும். அவர் நர்சிங் பணியின் தரத்தைப் பற்றியும் ஆவணத்தின் முழுமையைப் பற்றியும் மட்டுமே கருத்துச் சொல்லலாம். நோயின் காரணம், மரணத்தின் காரணம், சட்டத்தின் பொருள் ஆகியவற்றில் கை வைக்கக் கூடாது. கடைசியாகப் பணிபுரிந்த ஆஸ்பத்திரியின் கோப்பைத் தொடக் கூடாது. கட்டணம் வழக்கின் முடிவைப் பொறுத்து இருக்கக் கூடாது. வெற்றியில் பங்கு பேசக் கூடாது என்று வக்கீல்களுக்கே இந்திய பார் கவுன்சில் விதி வைத்திருக்கும்போது நமக்கு மட்டும் விலக்கு எதற்கு? நோயாளியின் காகிதத்தைக் கைபேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கம், நான் உட்பட எல்லோரிடமும் இருக்கிறது. அதை முதல் நாளிலேயே நிறுத்த வேண்டும். மீறுகிறவரின் பதிவை நிறுத்தி வைக்கும் அதிகாரம் தங்களிடமே இருக்கட்டும்.

பணியில் உள்ள என் இளைய சகோதரிகள் சிலர் இதைக் கேட்டு முகம் சுளித்தார்கள். "அக்கா, ஐம்பது படுக்கைக்கு ஒருத்தி நின்று ஓடுகிறோம், நீங்கள் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் எழுதாத வரியை எண்ணப் போகிறீர்களா?" என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி, அது எனக்கு வலிக்கவும் செய்தது. அவளுக்கு நான் சொன்னதைத் தங்களுக்கும் சொல்கிறேன். மாவுக்கட்டு மீனவரின் வழக்கில் அந்த இரவு அந்த வார்டில் எத்தனை நோயாளிகள், எத்தனை நர்ஸ்கள் என்று யாருக்கு எப்போது வேலை என்று காட்டும் டியூட்டி ரோஸ்டரைக் கேட்கச் சொன்னது நான்தான். வக்கீலுக்கு அது தோன்றவில்லை. ரோஸ்டர் வந்தபோது அந்த இரவு முழுவதற்கும் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. தனியொருத்தியின் கவனக்குறைவு என்று தொடங்கிய வழக்கு, ஆள் போடாத நிர்வாகத்தின் பொறுப்பு என்று திசை மாறியது. இரவு இரண்டு மணி வார்டு எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒருத்தி அந்தக் காகிதங்களுக்கு முன் உட்கார்ந்திருந்ததால்தான் அந்தக் கேள்வி எழுந்தது.

தேர்வு வைக்கும் நாளில் ஒரு மையம் மதுரையிலாவது அமையட்டும், வினாத்தாள் தமிழிலும் இருக்கட்டும். அனுபவத்தைக் காரணம் காட்டி மூத்தவர்களுக்குத் தேர்விலிருந்து விலக்கு கொடுத்துவிடாதீர்கள். முதல் விண்ணப்பம் என்னுடையதாக இருக்கும். தேறாவிட்டால் திண்ணையில் இருக்கும் கட்டுகளை வக்கீல்களிடம் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

தங்கள் பதிவேட்டில் உள்ள ஓய்வுபெற்ற செவிலியர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.